தேதியைப் பின்னுக்குத் தள்ளியவள்

குளியலறைக் கதவின் கொக்கியில் ஒரு ஈரத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நீல நிறம், ஓரம் நைந்தது. அவள் வீட்டில் நீலத் துண்டே கிடையாது. மகளுடையது வாத்துப் படம் போட்டது, அது பால்கனிக் கொடியில் காய்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது, யாரோ இப்போதுதான் தலை துவட்டிவிட்டு மாட்டியதுபோல. "குட்டி, இது ஏதுடீ?" என்று குரல் கொடுத்தாள். பதில் வரவில்லை. படம் வரைய உட்கார்ந்துவிட்டால் அவளுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு கணினி அறைக்குத் திரும்பினாள்.

எல்லாம் அந்தக் குட்டி தொடங்கி வைத்ததுதான். "அப்பா என்னம்மா வேலை செஞ்சாரு?" என்று மதியம் கேட்டது. கம்ப்யூட்டர் வேலை என்றால் போதவில்லை. "அவரு செஞ்சத எனக்குக் காட்டு" என்று ஒரே அடம். மழையில் வண்டி சறுக்கி அவர் போனபோது, அவரை மண்ணுக்குள் இறக்கியபோது, மகள் தவழக்கூடத் தொடங்கவில்லை. பாவம், கேட்பதில் என்ன தப்பு?

அவர் செய்தது ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். அது கடைக்கு வரவே இல்லை. வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு பதிப்பு வந்தது, அத்தோடு கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அதே கம்பெனியில் இவள் சோதனைப் பிரிவு. அவர் எழுதுவார், இவள் குறை கண்டுபிடிப்பாள். அந்தத் தொழிலில் குறையைப் பூச்சி என்பார்கள். அதனால் இவளுக்கே 'பூச்சி' என்று பேர் வைத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் குறை கண்டுபிடிக்கும் வேலை தொடர்ந்தது, சம்பளம்தான் இல்லை.

பரணில் கிடந்த பழைய கணினியைத் தூசி தட்டி அவருடைய சிடியைப் போட்டாள். எல்லாம் ஒழுங்காக ஏறியது. கடைசியில் ஒரு வரி வந்தது: 'இந்தச் சோதனைப் பதிப்பின் காலம் முடிந்துவிட்டது.' உடனே பட்டென்று அணைந்துபோனது. இந்த மாதிரிப் பதிப்புகள் சாகும் நாளைக் குறித்துக்கொண்டேதான் பிறக்கின்றன. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, தொழிலில் உள்ள எல்லோரும் செய்வதுதான். கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் அது ஏமாந்துபோய் ஓடும். அவளும் தள்ளினாள். மாதம் மாதமாக, வருடம் வருடமாகத் தள்ளிக்கொண்டே போய், கல்யாணமான மறுமாதத்தில் நிறுத்தினாள். வேறு தேதியும் வைத்திருக்கலாம். சும்மா, ஒரு ஆசை.

இப்போது அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துப் பார்த்து அமைத்த மங்கலான பச்சைத் திரை, மூலையில் அந்தப் பழைய தேதி. ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருக்க, கணினியின் சின்ன விசிறி இரைந்துகொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ குழாய் திறந்து தண்ணீர் விழும் ஓசையும், சுவரிலிருந்து புதுப் பெயின்ட் வாசனையும், அதற்குள் மெல்லக் கலந்து வந்த ஷேவிங் சோப்பின் வாசனையும் ஒன்றன்பின் ஒன்றாக அவளை வந்தடைந்தன. பெயின்ட் அடித்து எத்தனையோ வருடமாகிறது. அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குழாயை யாரோ மூடினார்கள். குளியலறைக் கதவு திறந்தது. ஈரக் கால்கள் சமையலறைப் பக்கம் நடந்தன.

"பூச்சி, டீ போடட்டுமா?"

"போடுங்க" என்றாள். இத்தனை வருடம் சொல்லாத சொல் நாக்கிலேயே தயாராக இருந்தது.

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பயத்தில் அல்ல. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமே இல்லாத சந்தோஷம். பாத்திரம் உருண்டது. "சர்க்கரை எங்கடீ வெச்ச?" என்று அவர் முணுமுணுத்தார். எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்தும் விட்டாள்.

அப்போதுதான் அந்த அமைதி காதில் பட்டது. படம் வரையும்போது மகள் வாய்க்குள்ளேயே ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள். அந்த முனகல் இல்லை. எவ்வளவு நேரமாக இல்லை?

பக்கத்து அறைக் கதவைத் தள்ளினாள். கட்டில் இல்லை, மேசை இல்லை. சுவரில் ஒட்டியிருந்த படங்கள் இல்லை. கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. மகளை எடுக்க அறுத்த இடத்தில் விரலுக்குத் தழும்பு தட்டுப்படவில்லை. வழவழவென்று இருந்தது.

"என்னங்க, நம்ம பொண்ணு எங்க?"

சமையலறையில் சிரிப்பு. "எந்தப் பொண்ணு? குடி வந்து இன்னும் பெட்டியே பிரிக்கல. அதுக்குள்ள பொண்ணா?"

ஓடினாள். கணினியை அணைத்து மறுபடி போட்டு, தேதி மாற்றும் இடத்துக்குப் போனாள். வருடம் ஒவ்வொன்றாக முன்னே நகர்ந்தது. பின்னால் கால்கள் வந்தன. அறை வாசற்படியில் நின்றன.

"தேதில கை வைக்காத, பூச்சி."

அவள் திரும்பவில்லை.

"இப்பதான வந்தேன். ஒரு வாய் டீ கூடக் குடிக்கல."

"மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் மாற்றியிருக்க மாட்டாள், அது அவளுக்கே தெரியும். இன்றைய தேதியில் கொண்டு வந்து நிறுத்தினாள். என்டரைத் தட்டினாள்.

காலம் முடிந்துவிட்டது என்ற வரி ஒரு கணம் ஒளிர்ந்தது. பிறகு திரை செத்தது. பெயின்ட் வாசனை போயிற்று. வயிற்றைத் தடவினாள், தழும்பு இருந்தது. பக்கத்து அறையில் மகள் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

"குட்டி!"

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா தங்கம். ஒண்ணுமில்ல." மேசையில் தலை வைத்து அழுதாள்.

வாசற்படியில் நின்ற கால்கள் திரும்பிப் போன சத்தம் கேட்கவில்லையே என்று பிறகுதான் தோன்றியது.

தேதி முன்னே வந்தபோது அவர் வீட்டுக்குள் இருந்தார். வீட்டோடு அவரும் முன்னே வந்திருப்பார். அத்தனை வருடமும். மண்ணுக்குள் கிடந்த வருடங்கள்.

ஈர மண்ணின் வாடை.

ஏதோ நகர்ந்தது. மெதுவாக. தரையில் இழுபட்டு. அவளை நோக்கி அல்ல.

பாட்டு நின்றது.

"அம்மா."

"ஓடி வந்துடு குட்டி. அம்மாகிட்ட வா."

"வர முடியல." மகளின் குரல் மிகச் சின்னதாக இருந்தது. "அப்பான்னு சொல்றாரு. கைய விட மாட்டேங்குறாரு."

எப்படியோ அந்த அறை வாசலுக்கு வந்து சேர்ந்தாள். திறந்த கதவருகே மகள் நுனிக்காலில் நின்றாள். ஒரு கையில் கலர் பென்சில். மறு கை தலைக்கு மேலே நீண்டு, கதவுக்குப் பின்னாலிருந்த இருட்டுக்குள் போயிருந்தது. அங்கிருந்து அவள் கவுன் மேல் மண் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.