காலி இருக்கையின் பெல்ட்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கு அவன்தான் முதலாளி. "பெல்ட் போடாதவன் முட்டாள்" என்று மாணவர்களிடம் முழங்குவான். தன் காரிலோ பெல்ட் பூட்டுக்குள் வெறும் கொக்கி ஒன்றைச் செருகி, பெல்ட் போடச் சொல்லி அலறும் அலாரத்தின் வாயை அடைத்துவிடுவான். ஊருக்குத்தான் உபதேசம்!

மூன்று மாதத்துக்கு முன் பக்கத்தில் உட்கார்ந்த மனைவியின் பூட்டிலும் அதுபோல் ஒன்றைச் செருகினான். "என் பக்கத்துல உட்கார்ந்துட்டு உனக்கென்ன பயம்?" நாற்பதில் போக வேண்டிய வளைவில் தொண்ணூறில் போனான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்து அவள் செத்தாள். "எவ்வளவோ சொன்னேன், போட மாட்டேன்னுட்டா" என்று போலீஸிடமும் மகளிடமும் அழுதான். செத்தவள் வந்து சாட்சி சொல்லவா போகிறாள்?

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த அதே காரை இன்று மதியம் பட்டறையிலிருந்து எடுக்க வந்தான்.

"அண்ணே, பக்கத்து சீட்டு அலாரம் நிக்கவே மாட்டேங்குது. ஆள் உட்கார்ந்தாத்தான் அது அடிக்கணும்" என்றார் மெக்கானிக்.

"அதுக்கு மருந்து என்கிட்ட இருக்கு."

அன்று போலீஸ் வருமுன் பிடுங்கி ஒளித்த அதே கொக்கியைச் செருகினான். வெட்கம் கெட்ட ஜென்மம். சத்தம் அடங்கியது.

மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினான். அந்த வளைவு வந்தது. வேக முள் நாற்பதைத் தாண்டியது.

செத்த மனைவியின் பவுடர் வாசனை அடித்தது.

காலி இருக்கையின் பெல்ட் மெல்ல நீண்டது, யாரோ இழுப்பதுபோல. அதன் நுனி அடைபட்ட பூட்டில் மோதியது.

டக்.

டக். டக்.

அன்றைக்கும் அவள் கடைசிவரை இப்படித்தான் மாட்டப் பார்த்தாள்.

வீராதிவீரனின் கை பூட்டுக்குப் பாய்ந்தது. கொக்கியைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசினான். வேகத்தைக் குறைத்தான். பெல்ட் சுருண்டு உள்ளே போனது.

பள்ளிக்கூட வாசலில் மகள் முன்சீட்டில் ஏறினாள்.

"அப்பா, பூட்டுக்குள்ள ஏதோ சொருகியிருக்கு."

அவள் பிடுங்கி எடுத்தது அதே கொக்கி. அதைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அம்மாவால இதனாலதான் போட முடியலையா?"

வாய் கிழியப் பேசுபவன் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தான். மகள் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்சீட்டில் யாரும் இல்லை. அங்கிருந்து நிதானமாக இன்னொரு பெல்ட் மாட்டும் ஓசை கேட்டது.

க்ளிக்.