கர்னல் குடித்த சூப்

துப்பறிவாளர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பைண்டர் அம்மாள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மன்னிப்புக் கடிதமாம் சார். நூலகர் டைப் அடிச்சே நீட்டிட்டார். நாளைக்குள்ள கையெழுத்து போடலைன்னா வேலை போச்சாம். போகட்டும். போடமாட்டேன்."

நூலகத்தில் இருபது ஆண்டுகளாகப் பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைப்பவள் அவள். விக்டோரியா காலத்தில் ஐம்பது நாவல்களும் முந்நூறு சிறுகதைகளும் எழுதித் தள்ளிய ஓர் ஆசிரியரின் கடைசித் தொகுதியைப் போன மாதம் தைத்திருந்தாள். அதன் இறுதிக் கதை, எட்டுப் பக்கம், இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

"தைக்கும்போது கிழிச்சு, பயத்துல மறைச்சிருப்பீங்க," என்றார் துப்பறிவாளரின் மச்சான், வழக்கையே முடித்துவிட்ட திருப்தியில்.

"மச்சான், காபி ஆறுது பாருங்க," என்றார் துப்பறிவாளர். "அப்புறம் புத்தகம் யார்கிட்ட இருந்துச்சும்மா?"

"வாசகர் பேரவைத் தலைவர்கிட்ட, ஒரு வாரம். ஆனா திறக்கவே இல்லைங்கறார். எல்லாக் கதையும் மனப்பாடமாம்."

"காணாமப்போன கதை உங்களுக்குத் தெரியுமா?"

"பசை காயற வரைக்கும் வேற என்ன சார் வேலை? படிப்பேன். ஒரு சமையல்காரி, எஜமானரோட பொய்யை நாலு பேர் முன்னாடி உடைப்பா. அருமையான கதை."

மறுநாள் காலை நூலகரின் அறையில் தலைவர் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வீற்றிருந்தார். 'இவ்வாசிரியரின் கதைகளில் ஏவலர் எஜமானரை வென்றதே இல்லை' என்று அறுநூறு பக்கம் நிறுவி முனைவர் ஆனவர். அன்று மாலை அதைப் பற்றியே உரை. வாசலில் உரையின் அச்சுப் பிரதி விநியோகம் ஆரம்பமாகியிருந்தது.

துப்பறிவாளர் புத்தகத்தைத் திறந்து முகர்ந்தார்.

"பழைய புத்தகத்துல காகிதத்தை மடிச்சு, நடுவுல தைப்பாங்க. ஒரு பாதியைக் கிழிச்சா இன்னொரு பாதி தானா உதிர்ந்துடும். கடைசி நாலு தாளைக் கிழிச்சவர், முந்தின கதையோட நாலு தாளும் கையோட வந்ததும் ஆடிப்போயிருக்கார். பாட்டில் கோந்தால ஒட்டிட்டார். அம்மா, உங்க பசை?"

"மைதா மாவுல காய்ச்சறது. கோந்தைத் தொடவே மாட்டேன், காகிதம் மஞ்சளாயிடும்."

"கோந்தால யார் வேணும்னாலும் ஒட்டியிருக்கலாமே!" என்றார் தலைவர்.

"ஒட்டலாம். ஆனா ஒட்டினவர் தாள்களை வரிசை மாத்திட்டார்." துப்பறிவாளர் வாசலில் வாங்கிய அச்சுப் பிரதியைப் பிரித்தார். "கேளுங்க: 'பீரங்கியில் மாண்ட கர்னல், அடுத்த பக்கத்தில் எழுந்தமர்ந்து சூப் அருந்துகிறார். காலத்தையே கலைத்துப் போடும் இந்த உத்தியை உலகம் இன்னும் உணரவில்லை.'"

பைண்டர் அம்மாள் சிரித்துவிட்டாள். "கர்னல் சூப் குடிச்சிட்டுத்தான் சார் சண்டைக்கே போவார்!"

"தாளை மாத்தி ஒட்டினப்புறம்தான் செத்தவர் குடிக்கறார். திறக்கவே இல்லைன்னவருக்கு அது எப்படித் தெரிஞ்சது? பக்க எண்ணைக்கூடப் பாக்காம உத்தி கண்டுபிடிச்சிருக்கீங்க. எட்டுப் பக்கம் உங்க அறுநூறு பக்கத்தைக் கவுத்துடும்னு பயம்."

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் மச்சான்.

தலைவரின் கை கோட்டின் உள்பைக்குள் போயிற்று. மடித்த நான்கு தாள்கள் வெளியே வந்தன. "பத்திரமா... இருக்கட்டுமேன்னு..."

நூலகர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நடந்ததை மறந்துடுவோம். போய் வேலையைப் பாருங்க."

"பாக்கறேன்," என்றாள் அவள். கையெழுத்தில்லாத மன்னிப்புக் கடிதத்தை எடுத்துத் தலைவர் முன் வைத்து, பேனா மூடியைத் திறந்து நீட்டினாள். "டைப் அடிச்ச கடிதம் வீணாகக் கூடாதுங்க. 'நூலைச் சேதப்படுத்தியமைக்கு வருந்துகிறேன்'னு சரியாத்தான் இருக்கு. கீழ இடமும் காலியா இருக்கு."

அவர் நூலகரைப் பார்த்தார். நூலகர் ஜன்னலைப் பார்த்தார். கையெழுத்து விழுந்தது.

மாலை உரை தொடங்கும் முன் புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. எட்டுப் பக்கமும் அதனதன் இடத்தில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், அதே தையல் நூலால் இறுக்கித் தைத்த, தலைவரின் கையெழுத்து விழுந்த ஒரு தாள், பிரித்தெடுக்க முடியாதபடி.