கூப்பிட்டால்தான் வருவார்கள்

வீட்டை மட்டும்தான் கேட்டாள் ஷெர்லி. வீட்டோடு ஒரு ஆளும் வந்து நின்றது.

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டி வரிசையாக நிற்கும் லயத்து வீடுகளில் கடைசி வீட்டில், ஆறிப்போன தேநீரையும் லேப்டாப்பையும் அடுக்களை மேசையில் வைத்துக்கொண்டு, தோட்டத்து ஆபீசுக்காக எழுதும் புரோகிராமைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அதில் வீடுகள் ஒரு அட்டவணை, குடியிருப்பவர்கள் இன்னொரு அட்டவணை. வீட்டைக் கேட்டால் வீடு மட்டும் வரும். உள்ளே இருக்கும் மனிதர்கள் டேட்டாபேசிலேயே கிடப்பார்கள். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டால்தான் எழுந்து வருவார்கள். இதற்கு லேசி லோடிங் என்று பெயர். காய்கறி லோரி ஓட்டும் அவள் புருஷன் ரொனால்ட், "சோம்பேறி லோடிங்னு சொல்லுலா" என்று கேலி செய்வான்.

சோதனைக்கு எப்போதும் தன் வீட்டைத்தான் கேட்பாள். இன்றைக்கு யாரையும் கூப்பிடாமலேயே கீழே ஒரு வரி வந்திருந்தது. சோஃபியா. மகள். வயது ஆறு.

கண் இமைப்பதற்குள் வரி மறைந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை பொங்கிப் பிள்ளையைக் கொண்டுபோனது. செத்துப்போனவர்களைத் திரையில் காட்டாமலிருக்க ஷெர்லியே ஒரு குறி வைத்திருந்தாள். மகளுக்கும் அந்தக் குறியைப் போட்டாள். வரியை அழிக்க மட்டும் கை வரவில்லை. எந்தத் தாய்க்கு வரும்?

போன் அடித்தது. ரொனால்ட்.

"தாப்பா டவுனத் தாண்டிட்டேன். மேல நல்ல மழை போல. மெதுவாத்தான் வருவேன். சாப்ட்டியா?"

"இன்னும் இல்லங்க."

"என்னா ஒரு மாதிரி பேசுற?"

சொல்ல வாயெடுத்தாள். பாவம், மலை ஏறுகிற மனுஷன். "ஒன்னுமில்ல. பாத்து வாங்க."

வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு லயத்துப் பெண்கள் பின்வாசலில் நின்று, விளையாடும் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூவிக் கூப்பிடுவார்கள், மலையே எதிரொலிக்கும். இப்போது கூப்பிடுவதில்லை. ஒரு பிள்ளை செத்தால் வருஷம் திரும்பும்வரை லயத்தில் யாரும் பனி நேரத்தில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒவ்வொரு தாயும் போய்க் கையைப் பிடித்துத்தான் கூட்டிவர வேண்டும். பக்கத்து வீட்டு வேலம்மா, மகள் துளசியை அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் ஷெர்லியின் பின்வாசலில் நின்றாள்.

"ஷெர்லி, கதவச் சாத்திக்கம்மா. வாய் தவறிக்கூடக் கூப்ட்றாத. கூப்ட்டா போன புள்ள ஒத்தையா வராது."

"நாங்க வேதக்காரங்க அக்கா, சர்ச்சுக்குப் போறவங்க. இதெல்லாம் பாக்க மாட்டோம்."

"பனிக்கு வேதக்காரங்க, சாமி கும்புட்றவங்கன்னு தெரியுமா? சாத்து கண்ணு."

சாத்தினாள். மறுபடி வீட்டைக் கேட்டாள். சோஃபியா வந்தாள், போனாள். இன்னொரு முறை. வந்தாள், போனாள். அவள் வரும் ஒவ்வொரு தடவையும் பின்வாசல் சிமெண்ட் தரையில் ஈரச் செருப்பு சப்பென்று ஒட்டிப் பிரியும் சத்தம், சின்னக் காலுக்குப் பெரிதாக வாங்கிவிட்ட செருப்பின் சத்தம், கதவுக்கு அந்தப் பக்கம் நெருங்கி வந்து, வரி மறைந்ததும் ஓடைப் பக்கம் தேய்ந்து போனது. அடுக்களை முழுக்கச் சேற்று வாசனை. ஷெர்லிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போகாதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. போகாதேடி தங்கம். ஒரு நிமிஷம் நில்லு.

நிற்க வைக்க அவளுக்குத் தெரியும். டேட்டாபேசோடு தொடர்பு மூடிய பிறகு கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். லேசி லோடிங்கின் கேடு அது. ஈகர் லோடிங் என்று மாற்றினால் நாம் கேட்கும் ஆள் தன்னோடு கட்டப்பட்டிருக்கும் எல்லோரையும் ஒரே மூச்சில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். தொடர்பு அறுந்தாலும் போகமாட்டார்கள். மகளிலிருந்து அப்பாவுக்கு, மகளிலிருந்து அம்மாவுக்கு, கட்டுகளை அவளே எழுதி வைத்திருந்தாள். அவற்றை இப்போது யோசிக்கவில்லை. பிள்ளை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

மாற்றினாள். மறைக்கும் குறியையும் எடுத்துவிட்டாள். வீட்டைக் கேட்கவில்லை, மகளையே கேட்டாள். விரல் பட்டனை அழுத்தும்போது வாயும் கூடவே திறந்துவிட்டது.

"சோஃபியா! வீட்டுக்கு வாம்மா!"

மலை எதிரொலித்தது. பக்கத்து வீட்டில் வேலம்மா "ஐயோ" என்றாள்.

திரையில் வரி வந்தது. சோஃபியா. மகள். வயது ஆறு. மறையவில்லை. ஷெர்லி திரையைத் தடவிக்கொண்டே அழுதாள். சிரித்தாள். அப்புறம்தான் அடுத்த வரி கண்ணில் பட்டது.

அப்பா. ரொனால்ட்.

பேருக்குப் பக்கத்தில் ஒரு குறி. செத்தவர்களுக்கு வைக்கும் குறி.

அவள் வைக்கவில்லை.

குறியை அழித்தாள். திரும்ப வந்தது. புரோகிராமை நிறுத்தினாள். வரிகள் மறையாமல் அப்படியே நின்றன. போனை எடுத்தாள். அவன் நம்பரை அழுத்தினாள். எடுங்க. ரொனால்ட், எடுங்க. ஆண்டவரே, அவர் எடுக்கட்டும்.

ரிங் போனது.

வெளியே சேவல் கூவியது.

இந்த நேரத்தில் சேவலா? அது அவன் போன். சோஃபியா அடம்பிடித்து அப்பா போனில் வைத்த ரிங்டோன். அவன் மாற்றவே இல்லை. பின்வாசலில், பனிக்குள், சேவல் விட்டு விட்டுக் கூவியது. தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் அடைத்த குரல்.

காலடி. ஈரச் செருப்பு. அதோடு பெரிய பூட்ஸ், தண்ணீர் நிறைந்த பூட்ஸ்.

கதவு தானாகத் திறந்தது.

ரொனால்டின் சட்டையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் லோரிக் கண்ணாடித் துண்டுகள். கண் அவளைப் பார்த்தது. பாவமாகத்தான் பார்த்தது.

"நான் மெதுவாத்தான் வந்தேன், ஷெர்லி" என்றான்.

அவன் விரலைப் பிடித்தபடி சோஃபியா. உயிரோடு இருந்தபோதும் அவள் அப்படித்தான். எங்கே போனாலும் நடுவில்தான் நடப்பாள். இரண்டு கையையும் இரண்டு பேரும் பிடிக்காமல் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாள்.

மேசையில் திரை மினுக்கியது. மூன்றாவது வரி வந்துகொண்டிருந்தது. அம்மா.

பிள்ளை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஊறி வெளுத்த இன்னொரு கையை ஷெர்லியிடம் நீட்டிக்கொண்டு, அசையாமல் அங்கேயே நின்றாள்.