பத்மாவின் படகுக்கு எந்த விளக்கு?

ஒரு சிறிய பொருளை வாங்கப் போய், பெரிய குழப்பம் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அமீரகத்தின் துறைமுக ஊரான புஜைராவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் இஃப்பத்துக்கு அந்த வியாழக்கிழமை மாலை அப்படித்தான் ஆயிற்று. அவள் வாங்கப் போனது ஒரு டார்ச் விளக்கு.

சனிக்கிழமை அவளுடைய வகுப்பைப் பக்கத்து ஊரான கல்பாவுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் ஓர் உப்புநீர் ஓடை வளைந்து வளைந்து போகும். அதில் கயாக் ஓட்டலாம். கயாக் என்பது இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒடுக்கமான படகு. நான்கு மணிக்குப் புறப்பட்டால் கரை திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு படகிலும் தண்ணீரில் கெடாத டார்ச் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று விளையாட்டு ஆசிரியை ஜலஜா மிஸ் எழுதி அனுப்பியிருந்தார்.

இஃப்பத்தின் படகில் அவளுடைய தோழி பத்மா. இருவருக்கும் ஒரே கட்டடம். இவள் மூன்றாம் மாடி, அவள் இரண்டாம் மாடி. பத்மா மூன்று வாரமாகச் சோபாவில் உட்கார்ந்து, துடைப்பத்தால் துடுப்புப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். அந்தப் பயிற்சியில் ஒரு பூந்தொட்டியும் இரண்டு கண்ணாடி டம்ளர்களும் உயிரை விட்டிருந்தன.

இவ்வளவு இருந்தும், பத்மாவின் அம்மா நாகவள்ளி அனுமதிப் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை காலைக்குள் அதைக் கொடுக்காவிட்டால் பத்மாவுக்குப் படகில் இடம் இல்லை.

"தண்ணில விழுந்தாலும் அணையாத விளக்கு ஒண்ணை என் கண்ணுல காட்டுங்க. அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்" என்று நாகவள்ளி சொல்லிவிட்டார்.

"நானே பாத்து வாங்கிட்டு வரேன், ஆன்ட்டி" என்று இஃப்பத் துணிச்சலாக ஒப்புக்கொண்டாள். டார்ச் வாங்குவதில் என்ன இருக்கிறது என்று அப்போது அவள் நினைத்திருந்தாள்.

தோழிகள் இருவரும் துறைமுகச் சாலையில் இருந்த கௌஸ் முகைதீனின் கடைக்குப் போனார்கள். நங்கூரக் கயிறு முதல் நகவெட்டி வரை அங்கே எல்லாம் கிடைக்கும். கீழக்கரைக்காரரான அவரை இஃப்பத் மாமா என்றுதான் அழைப்பாள்.

"மாமா, ஒரு வாட்டர்ப்ரூஃப் டார்ச் வேணும்."

"எந்தத் தண்ணிக்கு, புள்ள?"

இஃப்பத் விழித்தாள். "சாதாரணத் தண்ணிக்குத்தான், மாமா."

"மேல தெறிக்கிற தண்ணியா, உள்ள முங்குற தண்ணியா? முங்குனா எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்? அதச் சொன்னாத்தானே எடுத்துத் தர முடியும்?"

இஃப்பத் பத்மாவைப் பார்த்தாள். பத்மா கூரையைப் பார்த்தாள்.

கௌஸ் முகைதீன் மூன்று டார்ச்சுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். பெட்டிகளில் ஆறு மொழிகளில் எழுதியிருந்தது. ஒன்றில் ஐபிஎக்ஸ் நான்கு என்று இருந்தது. இன்னொன்றில் ஏழு, மற்றொன்றில் எட்டு. அவற்றுக்குக் கீழே வெளிச்சத்துக்கு லூமன் என்றும், தூரத்துக்கு மீட்டர் என்றும், நேரத்துக்கு மணி என்றும் வேறு எண்கள். கணக்குப் பரீட்சைக்கு வந்துவிட்டோமோ என்று இஃப்பத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நாலுன்னா மேல தண்ணி தெறிச்சாத் தாங்கும்" என்று அவர் விளக்கினார். "ஏழுன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. எட்டுன்னா அதுக்கும் மேல."

பொருள்களுக்கெல்லாம் விலங்குப் பெயர் வைப்பது இஃப்பத்தின் வழக்கம். அவள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கரடி என்று பெயர். இப்போது, கறுப்பாகக் கனமாக இருந்த எட்டாம் எண் டார்ச்சை அவள் எருமை ஆக்கினாள். ஒல்லியான நான்காம் எண் வெட்டுக்கிளி. மஞ்சள் நிறத்தில், குண்டுத் தலையோடு இருந்த ஏழாம் எண் தவளை.

பெயர் வைத்ததும் அவை மூன்றும் அவள் மனத்துக்குள் சண்டை போடத் தொடங்கின.

'என் வெளிச்சம் அரைக் கிலோமீட்டர் போகும்' என்றது எருமை. 'என்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்' என்றது வெட்டுக்கிளி. தவளை ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது.

கையுறை வாங்க வந்திருந்த கார்மேகம் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர்.

"பாப்பா, பதினஞ்சு வருஷமா போர்ட்ல டூட்டி பாக்குறேன். நான் சொல்றதக் கேளு. எதுல பவர் ஜாஸ்தியோ அத எடு. கலாஸ், வேலை முடிஞ்சுது" என்றார்.

"கிரேனுக்கும் படகுக்கும் ஒரே விளக்கா, கார்மேகம்?" என்று கேட்டார் கௌஸ் முகைதீன்.

"இருட்டு ஒண்ணுதானே, பாய்?"

"எனக்கு பிங்க் கலர்ல இருந்தாப் போதும்" என்றாள் பத்மா.

ஆளுக்கு ஒன்று சொன்னதில் இஃப்பத்தின் தலை சுற்றியது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பதைவிட, கண்ணால் பார்த்துவிடுவது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

"மாமா, ஒரு வாளியில தண்ணி கிடைக்குமா?"

வாளி வந்தது. அவள் முதலில் வெட்டுக்கிளியை எடுத்தாள்.

"அத முக்காதே, புள்ள. அது நாலு" என்று பதறினார் கடைக்காரர். வெட்டுக்கிளி அந்த இடத்திலேயே போட்டியிலிருந்து விலகிக்கொண்டது.

எருமையைத் தண்ணீரில் விட்டாள். அது நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கேயே பளீரென்று எரிந்தது.

"நல்லா எரியுது. ஆனா ஓடைல விழுந்தா யாரு போய் எடுக்கிறது?" என்று கேட்டாள் பத்மா.

தவளையை விட்டாள். அது தலையை மேலே தூக்கிக்கொண்டு மிதந்தது. முங்க வைத்தாலும் குபுக்கென்று வெளியே வந்தது. ஆனால் அதன் வெளிச்சமோ, இஃப்பத்தின் தம்பி தூங்கும்போது அறையில் எரியும் சின்ன விளக்கைப் போல் மங்கலாக இருந்தது.

வெளிச்சம் உள்ளது மூழ்குகிறது. மிதப்பதற்கு வெளிச்சம் இல்லை. எது நல்லது? இஃப்பத் எருமையை எடுத்தாள், வைத்தாள். தவளையை எடுத்தாள், வைத்தாள். மறுபடியும் எருமையை எடுத்தாள்.

"அதுல கயிறு கோத்துக் கையில மாட்டிக்கலாம். மூழ்காது" என்றார் கார்மேகம்.

இஃப்பத்தும் ஒருவழியாக எருமைதான் என்று முடிவுசெய்தாள்.

அந்த நேரத்தில் நாகவள்ளி இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார். "உள்ள வரமாட்டேன். ஏசிக் காத்து பட்டாத் தும்மல் வரும். என்ன வாங்கினீங்க, இங்க கொண்டு வந்து காட்டுங்க" என்றார்.

இஃப்பத் எருமையை நன்றாகத் துடைத்து, தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அக்டோபர் மாதத்து ஈரக்காற்று சுடுசோற்று ஆவியைப் போல் முகத்தில் வந்து படிந்தது.

"ஆன்ட்டி, இது எட்டாம் நம்பர். தண்ணிக்குள்ள போட்டுக்கூடப் பாத்தோம்" என்று அதை நீட்டினாள்.

நாகவள்ளி பைகளைக் கீழே வைத்துவிட்டு விளக்கைக் கையில் வாங்கினார். அதன் முகக் கண்ணாடி வெள்ளையாக மங்கி, ஈரம் பூத்திருந்தது.

"இது என்ன? உள்ள தண்ணி ஏறிடுச்சே" என்றார். "ஒரு வாளித் தண்ணியே தாங்கலையே. இத நம்பியா பிள்ளையை அனுப்பச் சொல்றே? வேண்டாம், பத்மா. நீ வீட்டுல இரு."

பத்மாவின் உதடு துடித்தது. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறவள் பேசாமல் நின்றது இஃப்பத்துக்கு என்னவோ போல் இருந்தது.

சற்று முன்புவரை தண்ணீருக்கு அடியில் எரிந்த விளக்கு அல்லவா இது? இதற்குள் எப்படித் தண்ணீர் போயிற்று? இஃப்பத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதாக்குறைக்கு, பத்மாவின் முகமும் சரியாகத் தெரியவில்லை. தெருவே வெள்ளையாகத் தெரிந்தது.

அவள் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டாள். தெரு பழையபடி தெரிந்தது. கீழே இறங்கிய கை அப்படியே பாதியில் நின்றது.

"ஆன்ட்டி, அதை ஒரு நிமிஷம் தாங்க."

வாங்கி, அதே சட்டை நுனியால் விளக்கின் முகத்தைத் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது.

"உள்ள தண்ணி போகல, ஆன்ட்டி. ஏசியில குளுகுளுன்னு இருந்துச்சுல்ல, வெளிய வந்ததும் ஈரக்காத்து மேல படிஞ்சிருக்கு. என் கண்ணாடியும் அப்படித்தான் ஆச்சு. இதுக்குள்ள தண்ணி போயிருந்தா, என் கண்ணாடிக்குள்ளயும் போயிருக்கணும்."

வாசலுக்கு வந்து நின்ற கார்மேகம் சிரித்துவிட்டார். நாகவள்ளி சிரிக்கவில்லை. விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, தண்ணி போகல. இருந்தாலும்..." என்று இழுத்தார்.

இவ்வளவு நேரமும் விளக்குகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த இஃப்பத், முதல் முறையாக வேறு ஒன்றைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு எதுக்குப் பயமா இருக்கு? இருட்டுக்கா?"

"இருட்டுக்கு நான் ஏன் பயப்படறேன்?" என்றார் நாகவள்ளி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நான் கரையில நிப்பேன். அத்தனை படகுல இவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

இஃப்பத் திகைத்துப் போனாள். எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. யாருடைய கண்ணுக்கு என்று மட்டும் பார்க்கவில்லை. படகில் இருப்பவர்கள் முன்னால் பார்ப்பதற்காகவே அவள் இத்தனை நேரமும் விளக்குத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது அந்தி நேர மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கௌஸ் முகைதீன் கடையைச் சாத்த வெளியே வந்தார்.

"மாமா, அந்த மஞ்சள் டார்ச்சையும் கொஞ்ச நேரம் தரீங்களா? இருட்டுல ஒண்ணு பாக்கணும்."

"ரெண்டையும் வச்சிரு, புள்ள. தொழுதுட்டு வந்துடறேன்" என்று தவளையையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் பெரிய மணல்வெளி இருந்தது. பொழுது மளமளவென்று மங்கிக்கொண்டு வந்தது. பத்மா எருமையோடு அந்த வெளியின் கடைசிக்கு ஓடினாள்.

"இப்ப எங்களப் பாத்து லைட் அடி" என்று கத்தினாள் இஃப்பத்.

ஒரு வெள்ளை வெளிச்சம் முகத்தில் அறைந்தது. "போதும் போதும், கண்ணு கூசுது" என்று நாகவள்ளி கையால் மறைத்துக்கொண்டார்.

"இப்ப அந்தப் பக்கம் திரும்பு."

பத்மா திரும்பினாள். வெளிச்சமும் திரும்பி, வெகு தூரத்தில் ஒரு சுவரில் போய் விழுந்தது. பத்மா நின்ற இடத்தில் இருட்டு மட்டுமே இருந்தது.

"பத்மா?" என்றார் நாகவள்ளி. குரல் மாறிவிட்டது. "பத்மா, எங்க இருக்கே?"

"இங்கதாம்மா இருக்கேன்" என்று இருட்டு பதில் சொன்னது.

இஃப்பத் தவளையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அதன் முதுகில் ஒரு கொக்கி இருந்தது. அதைப் பத்மாவின் தோளில் மாட்டி, விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

குண்டுத் தலை முழுவதும் மஞ்சளாக ஒளிர்ந்தது. பத்மா இந்தப் பக்கம் திரும்பினாள், தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பினாள், அப்போதும் தெரிந்தது. பக்கவாட்டில் நடந்தாள், மஞ்சள் புள்ளியும் கூடவே நடந்தது.

"இருக்கா" என்றார் நாகவள்ளி மெதுவாக. "அங்க இருக்கா. இப்ப குதிக்கிறா பாரு, கழுதை."

"எங்க கிரேன் உச்சியிலயும் ஒரு செவப்பு லைட் எரியும்" என்றார் கார்மேகம், தனக்குள் பேசுகிறவர் போல. "அத வச்சு நாங்க எதையும் பாக்குறதில்ல. மத்தவங்க எங்களப் பாக்கத்தான் அது. பதினஞ்சு வருஷமா அதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன். எனக்குத் தோணல பாரு."

நாகவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் படிவம் எங்க?" என்று கேட்டார்.

கார்மேகம் பேனா கொடுத்தார். ஓடிவந்த பத்மா படிவத்தை எடுத்து நீட்டிவிட்டு, குனிந்து முதுகைக் கொடுத்தாள். அந்த முதுகின்மேல் வைத்து, தவளை வெளிச்சத்தில் நாகவள்ளி கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை மாலை, கல்பாவில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியபோது, ஓடையின் அகன்ற பகுதிக்குப் படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. முன்னால் ஜலஜா மிஸ்ஸின் படகு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு மஞ்சள் புள்ளி.

படகு மணலைத் தொட்டதும் நாகவள்ளி முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி வந்து மகளின் கையைப் பிடித்தார்.

"அந்தப் பெரிய மரத்துக்கிட்ட ஏன் அவ்வளவு நேரம்?"

"எந்த மரம்மா?"

"எல்லாரும் வந்துட்டாங்க. உன் விளக்கு மட்டும் அங்கேயே நின்னுச்சு."

"ஒரு நண்டு பாத்தோம்மா. ஒரு கை மட்டும் பெருசு அதுக்கு."

"நண்டு பாத்தீங்க, சரி. அதுக்கப்புறம் துடுப்பு போட்டது இஃப்பத் மட்டுந்தானே? நீ சும்மா உக்காந்துதானே வந்தே?"

பத்மா வாயைப் பிளந்தாள். "அது எப்படிம்மா உனக்குத் தெரியும்?"

"அந்த மரம் வரைக்கும் விளக்கு ஆடி ஆடி வந்துச்சு. அதுக்கப்புறம் ஆடவே இல்லையே."

பத்மா இஃப்பத்தின் காதருகே குனிந்தாள். "அடுத்த தடவை இவ்வளவு நல்லா பாத்து வாங்காதடி" என்றாள்.

இஃப்பத் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, தோழியின் தோளில் எரிந்த விளக்கை அணைத்தாள். நாகவள்ளி மகளின் கையை இன்னும் விடவில்லை.