பட்டை நழுவியது

தேன்மலருக்குத் துறுதுறுப்பு நோய், முதல் நிலையைத் தாண்டிவிட்டது என்று கவனமானி அறிவித்தபோது, அந்த ஒன்பது வயதுப் பெண் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க டாக்டர், எம் புள்ளை அசையறதே இல்லீங்க. எங்க கவலையே அதுதான்," என்றாள் அவள் அம்மா கோசலை. "பாடம் நடத்தறப்ப பாதியில எங்கியோ போயிடறா. கூப்பிட்டாக் காதுல விழறதில்லை. அப்புறம் தானா வந்து எழுதறா. நோட்டுல பாத்தா நடுவுல நாலு வரியக் காணோம்."

டாக்டர் நற்குணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஈரோட்டின் அந்தக் கவன மையத்தில், அவருடைய பட்டங்கள் முழுவதும் எழுத இடம் வேண்டும் என்பதற்காகவே அறைக்கதவை இரட்டைக் கதவாக வைத்திருந்தார்கள்.

"நீங்க வெளிய பாக்கறீங்க. மானி உள்ள பாக்குதும்மா. நாப்பது நிமிஷத்துல பத்தொம்பது தடவை பட்டை நழுவியிருக்கு. தலையை ஆட்டாம எப்படி நழுவும்?"

நெற்றியில் கட்டும் பட்டை மூளையின் அலைகளைக் கோடாக வரையும். கோடு திடீரென்று மலைமலையாக எழும்பினால், மானி 'பட்டை நழுவியது' என்று குறித்துக்கொண்டு அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடும். இவ்வளவு பெரிய அலை எந்தக் குழந்தையின் மூளையிலும் எழாது என்பது அதைச் செய்தவர்களின் துணிபு. நழுவல் கூடினால் துறுதுறுப்பும் கூடும். பள்ளிகள் மானி தரும் சான்றிதழை வைத்துத்தான் மருந்து ஊற்றின. ஆடி மாதம் அமைதிச்சாறு என்ற அந்த மருந்து தொடங்கியது. ஐப்பசிக்குள் தேன்மலர் ஏழாம் வாய்ப்பாட்டை மறந்திருந்தாள். காணாமல் போன நாலு வரி எட்டு வரியாகியிருந்தது. வரும் திங்கட்கிழமையிலிருந்து மருந்து இரண்டு மடங்கு.

"வெட்டிப் போட்டதை யாராச்சும் மனுசங்க ஒருதடவை பாக்கக் கூடாதுங்களா?"

"பாக்கலாமே. பட்டை கட்டிக்கிட்டு நாப்பது நிமிஷம் கண்ணெடுக்காம பாக்கணும். கவன மதிப்பெண் அறுபதுக்கு மேல இருக்கணும். அதுதான் விதி."

"உங்களுக்கு எத்தனைங்க?"

"நான் நிர்வாகமும் சேத்துப் பாக்கறவன்ம்மா…" என்று டாக்டர் தொடங்கினார். மானிக்கு நாசூக்குத் தெரியாது. பதினொன்று என்று திரையில் போட்டது.

மையத்திலேயே அதிகம் வாங்கியவர் கேன்டீனில் வடை போடுகிறவர். முப்பத்தெட்டு. கோசலையும் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். மூன்று நிமிடத்துக்குள் பெற்றோர் குழுவிலிருந்து வந்த செய்திகளுக்காக ஏழு முறை மணிக்கட்டுத்திரையைப் பார்த்துவிட்டாள். இருபத்திரண்டு.

"நான் பாக்கட்டுங்களா?" என்றாள் தேன்மலர்.

பட்டையைக் கட்டியதும் தொண்ணூற்றொன்று வந்தது. நழுவல்களை வெட்டிவிட்டுத்தானே மானி மதிப்பெண் போடும். நோயாளியே பார்க்கக் கூடாது என்றோ, குழந்தை பார்க்கக் கூடாது என்றோ விதியில் இல்லை. அதை எழுதியவர்களின் கவனமும் அவ்வளவுதான்.

திரையில் ஒரு பக்கம் கோடு. மறுபக்கம் காலையில் பட்டை கட்டி உட்கார்ந்திருந்த தேன்மலரின் படம். அதை அவள் பார்க்கத் தொடங்கினாள். கோசலை மணிக்கட்டுத்திரையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். வேறு வேலை இல்லாததால் மகளைப் பார்த்தாள். இப்படிச் சேர்ந்தாற்போல் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆறாவது நிமிடம், தேன்மலரின் இமைகள் படபடத்தன. கண் ஓரிடத்தில் நிலைகுத்தியது. பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. கோசலை விநாடிகளை எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. எதுவுமே நடக்காததுபோல் தேன்மலர் மறுபடி திரையைப் பார்த்தாள். நாற்பது நிமிடம் முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை அப்படியே ஆயிற்று.

கடைசியில் அவள் சொன்னாள்: "பதினாறு தடவை மலை மாதிரி எந்திரிக்குதுங்க டாக்டர். ஆனா படத்துல பட்டை நழுவவே இல்லீங்க. கண்ணு மட்டும் சிமிட்டுது."

"பத்தொம்பதைப் பதினாறுங்கறா. பாத்தீங்களா, எண்ணிக்கையிலயே கோட்டை விட்டுட்டா!" டாக்டருக்கு வெகுநேரம் கழித்து ஒரு மகிழ்ச்சி.

"மீதி மூணு தடவையும் அவ இங்க இல்லீங்க." கோசலை எழுந்தாள். "நான் பாத்தேன், பத்து வரைக்கும் எண்ணுனேன். எங்க சித்தப்பாவுக்கு வலிப்பு வர்றப்ப இப்படித்தான் கண்ணு நிக்கும். இது துறுதுறுப்பு இல்லீங்க. வலிப்புங்க."

"உங்களுக்கு இருபத்திரண்டும்மா. நீங்க பாத்தது செல்லாது. பாத்தவ அறிக்கையில கையெழுத்துப் போடட்டும். நரம்பு டாக்டருக்கு அனுப்பறேன்."

தேன்மலர் பேனாவை வாங்கினாள். 'தேன்' என்று எழுதினாள். பேனா நின்றது. மை ஒரு புள்ளியாகத் தாளில் ஊறியது. கோசலை விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"டாக்டர், இப்பத்தான்! இங்க பாருங்க!"

"ஒரு நிமிஷம்மா. திரையில என்னமோ வருது."

அவர் திரும்பியபோது தேன்மலர் சற்றுத் தள்ளி 'மலர்' எழுதிக்கொண்டிருந்தாள்.

திரையில் வந்ததை டாக்டர் உரக்கப் படித்தார். "கையெழுத்தின் நடுவே பட்டை நழுவியது. பார்த்தவர் துறுதுறுப்பு நோயாளி என்பதால் அறிக்கை ஏற்கப்படவில்லை." தாளை மடித்தார். "ரெட்டை மருந்தைத் திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடலாம்."

தேன்மலர் தாளில் ஊறியிருந்த புள்ளியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் போலும்.

"இப்ப எத்தனை வரைக்கும் எண்ணுனீங்கம்மா?"

"பன்னெண்டு, அம்முணி," என்றாள் கோசலை.