படியேற மறுத்த பெல்ஜியக்காரர்

"அவருக்கு வேற ஒருத்தி இருக்கா, அண்ணே. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

மாலிவன் இதைச் சொன்னபோது அழவில்லை. பிரச்சுவாப் நகரின் கடற்கரைச் சந்தையில் வாழ்நாளெல்லாம் கருவாடு விற்றுப் பழகிய குரல் அது; துக்கத்தைக்கூட விலை சொல்வதைப் போல் உரக்கத்தான் சொல்லும்.

ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் பிரசோங் விசிறியின் முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவருக்கு அருகில் ஹென்க் போஸ்மா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். ஒல்லாந்தில் அஞ்சல்காரராக இருந்து ஓய்வுபெற்று, இந்த ஊர்ப் பெண்ணை மணந்து இங்கேயே குடியேறிவிட்டவர். யாரும் அழைக்காமலேயே பிரசோங்கின் உதவியாளராகித் தம்மைத் தாமே அந்தப் பதவியில் உறுதியும் செய்துகொண்டவர்.

"நான் அப்பவே நினைச்சேன்!" என்றார் ஹென்க்.

"நீ எதைத்தான் அப்பவே நினைக்கல? சும்மா இரு" என்ற பிரசோங், மாலிவனிடம், "முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார்.

மாலிவனின் கணவர் லூக் மெர்த்தென்ஸ், பெல்ஜியத்தில் கப்பல் எஞ்சின் பழுதுபார்ப்பவராக இருந்தவர். வயது எழுபத்து நான்கு. இருவருக்கும் விகாரையில் பிக்குகள் முன்னிலையில் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டித் திருமணம் நடந்தது. அரசு அலுவலகத்தில் அது பதியப்படவில்லை. பதிவுக்கு வேண்டிய தாள்களுக்காகத் தூதரகத்துக்கு நடந்து நடந்து லூக் அலுத்துப்போயிருந்தார். நூல் அறுந்து பல ஆண்டுகள் ஆகியும் வாழ்க்கை அறாமல் ஓடிக்கொண்டிருந்தது, இந்த மழைக்காலம் வரையில்.

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து வீட்டுக்குள்ள வர்றதே இல்ல, அண்ணே. பின்பக்கம் எஞ்சின் ரிப்பேர் பண்ற கொட்டகையிலதான் கட்டில். சோறும் அங்கதான். கேட்டா, 'உன் குறட்டை தாங்கல'ங்கறார். நான் குறட்டை விடறேனாம்! இவர் விடற குறட்டையைக் கேட்டு நடுக்கடல்ல இருக்கற படகு வழி கண்டுபிடிச்சுக் கரைக்கு வந்துரும்."

"வேற?"

"ரப்பர் செருப்போட பேங்குக்கே போற மனுஷன். இப்பக் கண்ணு முழிச்சதும் சாக்ஸு, பளபளன்னு தோல் ஷூ. உடம்பெல்லாம் சென்ட். கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்க! இந்த வயசுல எவளுக்காக இந்த அலங்காரம்?"

"நியாயமான கேள்வி" என்றார் ஹென்க்.

"நாயும் அவர் கட்சிக்குப் போயிருச்சு. சோறு போடறது நான். அது என்னடான்னா அவர் காலடியில மூக்கை வெச்சுக்கிட்டு நாள் பூராக் கெடக்கு. கம்பால அடிச்சுக்கூடப் பார்த்துட்டார், நகர மாட்டேங்குது. நாய் மேல ஒரு நாளும் கை வெச்சதில்ல, அண்ணே, அந்த மனுஷன்."

பிரசோங் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, "யார் யாரோடயாவது சண்டை போட்டிருக்காரா?" என்று கேட்டார்.

"யாரோட போடல? என் தங்கச்சி வீட்டுப் பக்கம் போறதில்ல. பெரிய பிக்குவைப் பார்த்துக் கிளிப்பிள்ளைன்னு சொல்லிட்டார். நான் ஊர்ல தலை நிமிர முடியல. நம்ம கிளினிக் டாக்டருக்குப் படிப்பே இல்லையாம். குன்றுத் தெருவுல மசாஜ் பண்ற கிழவிக்கு இரும்புக் கையாம்."

"என்னை விட்டுட்டியே!" ஹென்க்கின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "வாராவாரம் என் வீட்டுல சீட்டாட வருவார், அண்ணே. ஒரு நாள் போன் பண்ணி, 'நீ சீட்டுல ஏமாத்தறே, இனி உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்'னுட்டார். நான் ஏமாத்தறது நெஜம்தான். அது அவருக்குப் பத்து வருஷமாத் தெரியுமே! இப்ப எதுக்குப் புதுசாக் கோவம்?"

"சரி. யாரோட சண்டை போடல?"

இக்கேள்வியை மாலிவன் எதிர்பார்க்கவில்லை. "கடலோரக் காபிக் கடைக்காரனோட போடல. அவன் வாய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கிப் போகும். அவனோட மட்டும் இவருக்கு ஒத்துமை. அப்புறம் சந்தையில முடி வெட்டறவன். நூடுல்ஸ் வண்டிக்காரி. விசா குடுக்கற குடிநுழைவு ஆபீஸுல இருக்கறவங்க."

"அந்தக் காபிக் கடைக்குத் தரை என்ன?"

"தரையா? மணல்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

ஹென்க் தலையில் அடித்துக்கொண்டார். "பொண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னா இவர் தரையைக் கண்டுபிடிக்கறார்."

மறுநாளே ஹென்க் லூக்கைப் பின்தொடர்ந்தார். அவ்வேலைக்கென்று புதிய தொப்பியொன்றும் வாங்கியிருந்தார். திரும்பி வந்தபோது தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது, முகத்தில் வெற்றி.

"கிடைச்சுட்டா! பஸ் ஏறி அடுத்த ஊர் போறார், அண்ணே. அங்க ஒரு மருந்துக் கடை. கல்லாவுல ஒரு அம்மா, நல்ல களை. பெரிசா ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்துட்டு, இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ கெஞ்சறா. இவர் மாட்டேன் மாட்டேன்னு தலையாட்டறார். கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு!"

"மருந்துக் கடை நம்ம ஊர்லயே நாலஞ்சு இருக்கே."

"அதைத்தான் நானும் சொல்றேன்! இவ்வளவு தூரம் மருந்துக்கா போவாங்க? அப்புறம் கேளுங்க. பஸ் ஸ்டாண்டுல மழை பிடிச்சுக்கிச்சு. கணுக்கால் வரைக்கும் தண்ணி. நான் தூணுக்குப் பின்னால நின்னு செருப்பைக் கழட்டி உதறிக்கிட்டேன். எல்லாரும் அதைத்தான் பண்ணாங்க. இவர் மட்டும் பெஞ்சுல உக்காந்திருக்கார். ஷூவுக்குள்ள தண்ணி பொளக் பொளக்குங்குது. கழட்டவே இல்ல. ஈரம்கூட உறைக்கல, அண்ணே! அப்படி ஒரு காதல் மயக்கம்."

பிரசோங் எழுந்து சன்னலருகே சென்றார். "டீட்டர் ஊருக்குப் போனப்ப விமான நிலையம் வரைக்கும் கூடப் போனது யாரு?"

"அந்த ஜெர்மன்காரரா? லூக்தான். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போனார். திரும்பி வந்து ஒரு வாரம் யாரோடவும் பேசல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

டீட்டரின் கதையை அவ்வூரில் அறியாதவர் இல்லை. சர்க்கரை நோயால் ஒரு கால் போயிற்று. எழுபதைக் கடந்தவர்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதால், வங்கியில் இருந்த வைப்புத்தொகையே மருத்துவமனைக்குப் போயிற்று. அத்தொகை குறையாமல் இருந்தால்தான் ஆண்டுதோறும் இங்கே தங்குவதற்கான அனுமதி கிடைக்கும்; டீட்டருக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே, நோயுற்றவன் தன் பணத்தைத் தன் நோய்க்குச் செலவழித்ததே அவன் செய்த குற்றமாக முடிந்தது. உடல்நலம் உள்ளவரைக்கும் விருந்தினர். அது போன அன்று அந்நியர். இப்படி ஓர் ஏற்பாட்டை வகுத்தவர்கள் முதுமை என்பதைக் கேள்விப்பட்டேனும் இருப்பார்களா என்பது ஐயமே.

"புதன்கிழமை மாலிவனோட அம்மா நினைவு நாள்" என்றார் பிரசோங். "விகாரையில பிக்குகளுக்குச் சாப்பாடு. லூக் கண்டிப்பா வரணும்னு சொல்லச் சொல்லு. மத்ததுக்கு வராட்டியும் மாமியாருக்கு வருவார்."

"அங்க வெச்சு அந்த மருந்துக் கடை அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து..."

"யாரையும் கூட்டிக்கிட்டு வராத. அந்தத் தொப்பியையும் போட்டுக்கிட்டு வராத."

புதன்கிழமை லூக் வந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, கையில் மங்குஸ்தான் பழக்கூடை, காலில் பளபளக்கும் தோல் காலணி. மண்டபப் படிகளின் அடியில் உறவினரின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவ்வரிசையருகே வந்து நின்றவர் கூடையை மட்டும் மேலே கொடுத்தனுப்பினார்.

"முட்டி வலி. நான் இங்கேயே நிக்கறேன்."

"எங்கம்மாவுக்காகக்கூட ஏற மாட்டியா?" மேலிருந்து மாலிவன் குரல் கொடுத்தாள். "உன்னைத் தன் புள்ளைன்னு சொல்லிட்டுப் போனாளே, அவளுக்காகக்கூடவா?"

லூக் வெயிலில் நின்றபடி தரையைப் பார்த்தார். பிக்குகள் ஓதத் தொடங்கியிருந்தனர். பிரசோங் வெறுங்காலுடன் படியிறங்கினார். சைகையாலேயே மாலிவனையும் ஹென்க்கையும் உடன் அழைத்துக்கொண்டார். நால்வரும் மரநிழலுக்கு ஒதுங்கினர். பிரசோங் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாலிவன், உன் சந்தேகத்துக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். பொண்ணு யாரும் இல்ல."

"மருந்துக் கடை?" என்றார் ஹென்க்.

"அங்க மருந்துதான் வாங்கினார். இவர் யார் யாரோட சண்டை போட்டார்னு நினைச்சுப் பாருங்க. தங்கச்சி வீடு, விகாரை, கிளினிக், மசாஜ் கடை, உன் வீடு. குணத்துல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாதவங்க. ஆனா எல்லா இடத்துலயும் ஒரு விஷயம் பொது. வாசல்லயே செருப்பைக் கழட்டணும்."

ஹென்க் படியடியில் கிடந்த செருப்பு வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"காபிக் கடை மணல் தரை. முடி வெட்டற இடம், நூடுல்ஸ் வண்டி, குடிநுழைவு ஆபீஸ், எங்கயும் கழட்ட வேண்டாம். அங்கெல்லாம் இவருக்குச் சண்டையே இல்ல. அந்தக் காபிக்காரனோடயே சண்டை போடாதவர் வேற யாரோட போடுவார்? 'ஷூவைக் கழட்ட மாட்டேன்'னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. கோவிச்சுக்கிட்டா யாரும் கேக்க மாட்டாங்க. தன் வீட்டுக்குள்ளயே ஏற முடியாதவர் பொண்டாட்டியோட குறட்டையைச் சாக்காச் சொன்னார்."

"அப்ப அந்த சென்ட்?" மாலிவனின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது.

"மணக்கறதுக்குப் போடல, மறைக்கறதுக்குப் போட்டார். நம்ம மூக்குக்கு மறைஞ்சது, நாய் மூக்குக்கு மறையல. பஸ் ஸ்டாண்டுல ஷூ நிறையத் தண்ணி. ஈரம் உறைக்கலன்னு ஹென்க் சொன்னது சரி, காரணம்தான் தப்பு. டீட்டருக்கு வந்த மாதிரி சர்க்கரை வியாதி, அந்தக் கால்ல உணர்ச்சியே செத்துப்போச்சு. நம்ம ஊர் மருந்துக் கடையில கட்டுத்துணி வாங்கினா அன்னைக்கே உன் காதுக்கு வந்துடும்னுதான் அடுத்த ஊர் போனார். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அந்தம்மா கெஞ்சியிருக்கணும்."

லூக் மெல்லச் சிரித்தார். "இன்ஸ்பெக்டர், ஓய்வு வாங்கினவனுக்கு ஓய்வா இருக்கத் தெரிய வேண்டாமா?"

தலையே உயர்ந்தது, காலே தாழ்ந்தது என்று பேசக் கற்குமுன்பே கற்பிக்கும் ஊரில், எழுபது வயதுக் காவல் ஆய்வாளர் மண்ணில் மண்டியிட்டு, அந்நியர் ஒருவரின் காலணிக் கயிற்றை அவிழ்த்தார். லூக் தடுக்கவில்லை. காலுறையை இறக்கியபோது வாசனைத் திரவியத்தின் வேலை முடிந்துபோயிற்று. விரல்களில் இரண்டு கரியைப் போல் கறுத்திருந்தன. கருமை புறங்காலில் பாதி தூரம் ஏறியிருந்தது.

மாலிவன் கூச்சலிடவில்லை. கீழே அமர்ந்து, தோளிலிருந்த துணியால் அக்காலை ஏந்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன, கிழவா?"

"சொன்னா நீ தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில போட்டிருப்பே, மாலி. அப்புறம் டீட்டர் போன வழிதான். கொட்டகையில இருந்தா நீ சமைக்கிற வாசனை வரும். நீ என்னைத் திட்டறதும் கேக்கும். மிச்ச நாளைக்கு அது போதும்னு நினைச்சேன்." அவர் பிரசோங்கை நோக்கினார். "நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, இன்ஸ்பெக்டர். ஆனா எதுக்குக் கண்டுபிடிச்ச?"

"இப்படியே விட்டிருந்தா சீக்கிரமே செத்துப்போயிருப்பீங்க."

"ஆமா" என்றார் லூக். "இங்க."

மேலே மண்டபத்தில் ஓதுதல் முடிந்து, பிக்குகளுக்குச் சோறு பரிமாறும் ஓசை கேட்டது. ஹென்க் வண்டி பிடிக்கப் போனார்.

அடுத்து நடந்தவற்றில் புதிர் எதுவும் இல்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை நன்கு நடந்தது. அதற்குரிய தொகை வங்கியிலிருந்து போயிற்று. அனுமதியைப் புதுப்பிக்கும் நாளில், சக்கர நாற்காலி நுழைவதற்காக அதிகாரி தாமே எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்தார். எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார். அனுமதி மட்டும் அளிக்கவில்லை. பதியாத மனைவி பெல்ஜியத்துக்கு உடன் செல்வதற்கான விண்ணப்பமும் திரும்பி வந்தது. ஒருவர் இங்கே வாழ்வதற்குத் தகுதியற்றவர். மற்றவர் அங்கே வருவதற்குத் தகுதியற்றவர். இரு நாட்டுச் சட்டங்களிலும் இதில் பிழையொன்றும் காண இயலாது, அதுதான் வெட்கக்கேடு.

விமான நிலையத்துக்கு ஹென்க் நாற்காலியைத் தள்ளிச் சென்றார். திரும்பி வந்தவர் ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் மாலிவன் கூடையுடன் பிரசோங்கின் வீட்டுக்கு வந்தாள். காய்ந்த கணவாய்க் கட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"கூலி. கண்டுபிடிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டது நான்தானே?"

பிரசோங் அதைத் தொடவில்லை. "போன் பண்றாரா?"

"பண்றார். முதியோர் இல்லத்துல தனி ரூமாம். சன்னலைத் திறக்க விட மாட்டாங்களாம். என்ன சமைச்சேன்னு கேக்கறார். சொல்றேன். அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இல்ல."

"உயிரையாவது காப்பாத்தினோம்னு..." என்று தொடங்கினார் பிரசோங்.

"காப்பாத்தினீங்க, அண்ணே. இல்லேன்னு சொல்லல." மாலிவன் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "உசுரு நல்லாத்தான் இருக்கு. அங்க இருக்கு."