குழாய்க்குள் இன்னொரு மூச்சு

“ரெண்டு பேரும் அசையாம படுத்திருங்க, சரியா?” என்று ஹெட்போனில் ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் குரல் கேட்டது.

குழாய்க்குள் கிடந்த லிப்ட் மெக்கானிக்குக்குச் சிரிப்புதான் வந்தது. வாய் தவறியிருக்கும். காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போயிருக்கும்.

ரத்தப் பரிசோதனையில் புரோஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. அளவு எகிறியிருந்தது. எடுத்த எடுப்பில் ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டாம், முதலில் எம்.ஆர்.ஐ. பார்ப்போம், புரோஸ்டேட்டில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் மட்டும் பயாப்ஸி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரோ இந்தக் குழாயைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஆயுசு பூரா லிப்ட் குழிக்குள்ள கெடந்த மனுஷன், இதுக்குப் போயி முழிக்கிறீங்களே!” என்று அவர் சட்டையை வாங்கி மடித்தபடி கேலி செய்தாள்.

“அங்க சாவி என் கையில இருக்கும்டி.”

இங்கே கையில் ஒரு ரப்பர் பல்பு மட்டும். முடியவில்லையென்றால் அழுத்த வேண்டும். இடுப்பின் மேல் கனமான பலகை போல ஒன்றை வைத்துப் பட்டையால் இறுக்கி, கால் பக்கமாக உள்ளே தள்ளியிருந்தார்கள். கண்ணை மேலே சொருகினால் குழாயின் வாய் வழியாக, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி தலைகீழாகத் தெரிந்தாள்.

சத்தம் தொடங்கியது. இரும்புத் தகட்டை யாரோ வெறிபிடித்துத் தட்டுவது போல, பிறகு பழைய மோட்டார் திணறுவது போல, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சுருதியில் இழுப்பது போல, மூக்கு நுனியைத் தொட்டுவிடும் அந்த வெள்ளை வளைவு முழுக்க அதிர்ந்து, குளிரூட்டியின் காற்றில் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை கலந்து வந்தது. சட்டென்று நின்றது.

அந்த அமைதியில் ஒரு மூச்சு கேட்டது.

என்னுடையதுதான் என்று நினைத்தார். அடக்கிப் பார்த்தார். மூச்சு நிற்கவில்லை. காதுக்கு அருகே, நிதானமாக, இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கு வழியாக அவர் சொல்வதுண்டு, “கத்தாதீங்க, இதோ திறந்துடறேன்” என்று. இப்போது அதைத் தனக்கே சொல்லிக்கொண்டார். பல்பை அழுத்தினார்.

“என்ன ஐயா, கூப்பிட்டீங்களா?”

வாயைத் திறந்தார். குரல் எழவில்லை.

“இல்லம்மா, கை தவறிப் பட்டுடுச்சு. நீ பாரு,” என்று பதில் போயிற்று.

அவருடைய குரல். அச்சு அசல்.

மறுபடி அழுத்தினார். பல்பு அமுங்கவில்லை. அழுத்துவதற்கு விரலே இல்லாதது போலிருந்தது. மீண்டும் சத்தம். மீண்டும் அமைதி. மூச்சு. ஒரே ஒரு மூச்சு. அவருடையது அல்ல.

“அவ்வளவுதான், முடிஞ்சுது!”

மெத்தை நகர்ந்தது. முதுகுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு வெளியே போயிற்று.

அவர் போகவில்லை.

வளைவோடு வளைவாக ஒட்டிக் கிடந்தார். கையில்லை. காலில்லை. பார்வை மட்டும்.

வெளியே, வெளிச்சத்தில், அவருடைய வழுக்கைத் தலை எழுந்து உட்கார்ந்தது. மனைவி சட்டையோடு ஓடிவந்தாள்.

“டாக்டர் ஒரு பார்வை பார்த்துட்டார்மா. சந்தேகப்படற மாதிரி ஒண்ணும் இல்லையாம். ஊசி வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு ஸ்கேன் பெண் அடுத்தவரைக் கூப்பிடப் போனாள்.

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். “பயந்தாங்கொள்ளி!” என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே பொத்தான் போட்டுவிட்டாள். விரல்கள் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. உள்ளங்கையை அங்கே வைத்தாள். துடிப்பைத் தேடி இடம் மாற்றி வைத்தாள். அழுத்தி வைத்தாள்.

சிரிப்பு வடிந்தது.

மெல்லத் திரும்பிக் குழாய்க்குள் பார்த்தாள். நேராக அவர் கண்ணுக்குள்.

அவருடையதாக இருந்த அந்தக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

“வா, வீட்டுக்குப் போலாம்.”

அவள் கையை உதறப் பார்த்தாள். பாதங்கள் தரையில் இழுபட்டன. கனத்த கதவு மூடும்போது அதன் விளிம்பில் அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன. இறுகப் பற்றியிருந்தன.

ஒவ்வொன்றாக, பொறுமையாக, அவை பிரித்தெடுக்கப்பட்டன.